மூன்று ஜீன் மேப்பிங் கணக்கு: இன்டர்ஃபியரன்ஸ் விடைத்தாளில் 0.52, எனக்கு 0.47. எங்கே தவறு?

ஈரிழை (கேள்வி)

பி.எஸ்சி. மூன்றாம் செமஸ்டர் ஜெனிடிக்ஸ். கணக்கு இதுதான்: பழ ஈயில் எக்ஸ் குரோமோசோமில் உள்ள மூன்று ஒடுங்கு ஜீன்கள். வெர்மிலியன் (பளிச்சென்ற சிவப்புக் கண்), கிராஸ்வெயின்லெஸ் (சிறகில் குறுக்கு நரம்பு இருக்காது), கட் (சிறகின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும்). மூன்றுக்கும் ஹெட்டிரோசைகஸான (ஒவ்வொரு ஜீனிலும் ஒன்று இயல்பு வடிவம், ஒன்று ஒடுங்கு வடிவம்) பெண் ஈயை, மூன்று ஒடுங்கு பண்பும் கொண்ட ஆணோடு கலக்கிறார்கள். பிறந்த 1000 ஈக்கள், கேள்வியில் உள்ள வரிசைப்படியே (+ என்றால் இயல்பு வடிவம்):

+ கிரா கட் : 408
வெர் + + : 402
+ + + : 66
வெர் கிரா கட் : 60
வெர் கிரா + : 31
+ + கட் : 29
+ கிரா + : 2
வெர் + கட் : 2

நான் போட்டது: 31+29 = 60, அதனால் ஒரு இடைவெளி 6 சென்டிமார்கன் (ஜீன்களுக்கு இடையே உள்ள தூரத்தின் அலகு). 66+60 = 126, அதனால் இன்னொன்று 12.6. எதிர்பார்க்கும் இரட்டைக் குறுக்கேற்றம் (ஜோடிக் குரோமோசோம்கள் இரண்டு இடைவெளியிலும் துண்டு மாற்றிக்கொள்வது) 0.06 × 0.126 × 1000 = 7.56. கிடைத்தது 4. 4/7.56 = 0.53, இன்டர்ஃபியரன்ஸ் (ஒரு குறுக்கேற்றம் பக்கத்தில் இன்னொன்றைத் தடுக்கும் அளவு) 0.47. விடைத்தாளில் 0.52.

இன்னும் இரண்டு சந்தேகம். நடுவில் எந்த ஜீன் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? ஓர ஜீன்கள் இரண்டுக்கும் இடையே 18.6 என்று எனக்கு வருகிறது, விடைத்தாளில் 19.4. ஏன்?

---

நூல்கண்டு

மூன்றுக்கும் காரணம் அந்த 4 ஈக்கள்தான். அவற்றை எந்தக் கணக்கிலும் நீங்கள் சேர்க்கவில்லை.

முதலில் நடு ஜீன். கேள்வித்தாளில் எழுதியிருக்கும் வரிசைக்கு எந்த அர்த்தமும் கிடையாது, அதை அப்படியே குரோமோசோம் வரிசையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்ணிக்கையில் மிகப் பெரிய ஜோடி பெற்றோர் வகை, மிகச் சிறிய ஜோடி இரட்டைக் குறுக்கேற்றம். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு வரியை எடுத்து அருகருகே வையுங்கள்:

பெற்றோர்: + கிரா கட்
இரட்டை: + கிரா +

ஒரே ஒரு இடம்தான் மாறியிருக்கிறது: கட். இரட்டைக் குறுக்கேற்றத்தில் நடுவில் இருப்பது மட்டுமே இடம் மாறும், ஆகவே கட்தான் நடு. இரட்டை ஜோடியின் மற்ற வரியை (வெர் + கட்) எடுத்து அதே பெற்றோரோடு ஒப்பிட்டால் இரண்டு இடம் மாறி, கட் மட்டும் மாறாமல் நிற்கும். குழம்ப வேண்டாம், அதுவும் அதே விடையைத்தான் சொல்கிறது. எப்படி எடுத்தாலும் தனித்து நிற்பது எதுவோ அது நடு.

இப்போது வரிசையை மாற்றி எழுதுங்கள்: கிரா – கட் – வெர். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் கணக்குக்குள் இறங்குவதால்தான் பாதிப் பேருக்கு மதிப்பெண் போகிறது. பெற்றோர் குரோமோசோம்கள் "கிரா கட் +", "+ + வெர்". முதல் இடைவெளியில் வெட்டி மாற்றினால் "கிரா + வெர்", "+ கட் +", அதாவது உங்கள் 31, 29. இரண்டாம் இடைவெளியில் வெட்டினால் "கிரா கட் வெர்", "+ + +", அதாவது 60, 66. சரியாகப் பொருந்துகிறது.

தூரம்: இரட்டைக் குறுக்கேற்றம் நடந்த ஈயில் முதல் இடைவெளியிலும் ஒரு குறுக்கேற்றம், இரண்டாவதிலும் ஒன்று. ஆக அந்த 4 இரண்டு பக்கமும் சேரும்.

கிரா–கட்: (60 + 4)/1000 = 6.4
கட்–வெர்: (126 + 4)/1000 = 13.0

எதிர்பார்க்கும் இரட்டை 0.064 × 0.130 × 1000 = 8.32. கோயின்சிடன்ஸ் (கிடைத்த இரட்டை ÷ எதிர்பார்த்த இரட்டை) 4/8.32 = 0.48. இன்டர்ஃபியரன்ஸ் 1 − 0.48 = 0.52.

8.32ஐ "ஈயை எப்படி 0.32 ஆக்க முடியும்" என்று 8 ஆக்கிவிடாதீர்கள். எதிர்பார்ப்பு என்பது சராசரி, பின்னமாக இருப்பதில் தப்பில்லை. 8 என்று வைத்தால் விடை 0.50 ஆகிவிடும்.

ஓர ஜீன்கள்: 6.4 + 13.0 = 19.4. உங்கள் 18.6 என்பது (60+126)/1000. கிரா, வெர் இரண்டை மட்டும் பார்த்தால் இரட்டைக் குறுக்கேற்ற ஈக்கள் பெற்றோர் வகை மாதிரியே தெரியும், அதனால் கண்ணுக்குப் படாமல் போய்விடும். ஒவ்வொன்றிலும் இரண்டு குறுக்கேற்றம் ஒளிந்திருக்கிறது: 2 × 4 = 8, அதாவது 0.8. 18.6 + 0.8 = 19.4.

---

பழஈ_மேசை

மேலே சொன்னது முழுக்கச் சரி. கேள்வி போட்டவர் உண்மையான வரைபடத்தைப் பார்த்தே எண்களை அமைத்திருக்கிறார். எக்ஸ் குரோமோசோமில் கிராஸ்வெயின்லெஸ் 13.7, கட் 20.0, வெர்மிலியன் 33.0. இடைவெளி 6.3, 13.0. உங்கள் விடை இதோடு ஒட்டிப்போகிறது.

ஒரு எச்சரிக்கை. வெறும் 4 ஈக்களை வைத்து 0.52 என்று இரண்டு தசமம் எழுதுகிறோம், பரீட்சைக்கு அது போதும். ஆனால் இரட்டை 3 ஆகவோ 5 ஆகவோ இருந்திருந்தால் இன்டர்ஃபியரன்ஸ் ஏறக்குறைய 0.64, 0.40 என்று ஆடும். தூரம் அவ்வளவு ஆடாது. இதே கணக்கை 200 ஈயில் போட்டால் எதிர்பார்க்கும் இரட்டையே 1.66தான்.

அதிலிருந்து வரும் பொறி: சில கேள்விகளில் எட்டு வகைக்குப் பதில் ஆறுதான் கொடுத்திருப்பார்கள். அச்சுப்பிழை இல்லை. இல்லாத அந்த இரண்டு வகைதான் இரட்டைக் குறுக்கேற்றம், எண்ணிக்கை 0, இன்டர்ஃபியரன்ஸ் 1. கொடுத்ததில் சிறிய ஜோடியை இரட்டை என்று எடுத்தால் நடு ஜீனே தவறிப்போகும்.

---

ஈரிழை

இப்போது புரிந்தது, நன்றி. ஒன்று கேட்க விட்டுவிட்டேன்: தகப்பன் ஈ மூன்று ஒடுங்கு பண்பும் உள்ளதாக இல்லாமல் சாதாரண ஈயாக இருந்தால் கணக்கு கெடுமா? செய்முறையில் அப்படித்தான் வரும் போலிருக்கிறது. அப்புறம் கை-ஸ்கொயரில் (எண்ணிக்கை எதிர்பார்த்த விகிதத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனை) சதவீதத்தைப் போட்டதற்கு மொத்தமாகச் சுழித்துவிட்டார்கள், அதற்கும் காரணம் தெரியவில்லை.

---

பழஈ_மேசை

கெடாது, மகன்களை மட்டும் எண்ணினால். மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது, தகப்பன் கொடுப்பது ஒய். ஆகவே தாயின் குரோமோசோமில் என்ன நடந்ததோ அது மகனில் அப்படியே தெரியும். மகள்களோ தகப்பனிடமிருந்து சாதாரண எக்ஸ் ஒன்றையும் வாங்குவதால் எல்லோரும் சாதாரணமாகவே இருப்பார்கள். அவர்களையும் எண்ணினால் "+ + +" வகை ஊதிப்பெருகி, கணக்கு நாசம்.

இதில் செய்முறைக்கு ஒரு வசதி உண்டு. மகன்களை மட்டும் எண்ணுவதாக இருந்தால் எஃப்1 பெண்ணை (முதல் கலப்பில் பிறந்தவள்) கன்னி ஈயாக, அதாவது ஆணோடு சேருமுன், பிரிக்கவே வேண்டாம், கூடப் பிறந்த ஆண்களோடு விட்டுவிடலாம். கன்னி ஈ கட்டாயம் தேவைப்படுவது முதல் கலப்பில்தான். 25 டிகிரியில் கூட்டை விட்டு வந்த 8 மணி நேரத்துக்குள் பிரித்துவிடுங்கள். உடல் வெளிறி, வயிற்றில் கரும்புள்ளி தெரிந்தால் இப்போதுதான் வெளிவந்தது என்று பொருள்.

எதிர்ப்பக்கம் ஒன்று: ஹெட்டிரோசைகஸாக இருக்க வேண்டியது எப்போதும் பெண். பழ ஈயில் ஆணுக்குக் குறுக்கேற்றமே நடப்பதில்லை. வேறு குரோமோசோம் ஜீன்களை வைத்து ஆணை ஹெட்டிரோசைகஸாக எடுத்தால் பெற்றோர் வகை மட்டுமே கிடைக்கும்.

தாய் தகப்பனை 7, 8 நாளில் குப்பியை விட்டு எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவையும் எண்ணிக்கையில் கலந்துவிடும். 25 டிகிரியில் பத்தாம் நாள் வாக்கில் வரத் தொடங்கும். 18ஆம் நாளைத் தாண்டி எண்ணாதீர்கள், அடுத்த தலைமுறை கலந்திருக்கும். சிறகு விரியாத ஈயை ஒதுக்கிவையுங்கள், உங்கள் மூன்று பண்பில் இரண்டு சிறகில்தான் இருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை

கை-ஸ்கொயருக்கு வருகிறேன். சதவீதம் போட்டால் எப்போதும் மொத்தம் 100 என்று பொய் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. மெண்டலின் விதை எண்ணிக்கையையே பாருங்கள்: உருண்டை 5474, சுருங்கியது 1850, மொத்தம் 7324. 3:1 என்றால் எதிர்பார்ப்பு 5493, 1831. இரண்டிலும் வித்தியாசம் 19. 361/5493 + 361/1831 = 0.26. அதையே சதவீதத்தில் போட்டால் 0.004க்கும் கீழே இறங்கிவிடும். மாதிரி பெரிதா சிறிதா என்ற விவரமே தொலைந்துபோகிறது.

டிகிரி ஆஃப் ஃபிரீடம் என்பது வகைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. 3:1க்கு 1, எல்லை மதிப்பு 3.841. 9:3:3:1க்கு 3, எல்லை 7.815. ஈக்களின் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழிப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. எல்லைக்குக் கீழே வந்தால் "கருதுகோள் நிரூபிக்கப்பட்டது" என்று எழுதாதீர்கள், "நிராகரிக்கக் காரணமில்லை" என்று எழுதுங்கள்.

மதிப்பு எல்லையைத் தாண்டியவுடன் "பிணைப்பு" (ஜீன்கள் ஒரே குரோமோசோமில் இருப்பதால் சேர்ந்தே போவது) என்று பாய்ந்துவிடவும் கூடாது. ஏதாவது ஒரு வகை ஈ அதிகமாகச் செத்தாலும் விகிதம் கெடும். அதனால் ஒவ்வொரு ஜீனையும் தனியாக 1:1 பாருங்கள். மேலே உள்ள கணக்கில் கிரா 501, + 499. கட் 499, + 501. வெர் 495, + 505. மூன்றும் சுத்தமாக இருக்கின்றன, ஆகவே அந்த 408, 402 பிணைப்பால் வந்தவைதான்.

---

நூல்கண்டு

கணக்குப்பிள்ளை சொன்னதோடு ஒன்று மட்டும். தூரங்களைக் கூட்டுவது இங்கே சரி, ஏனென்றால் நடுவில் அடையாளமாக ஒரு ஜீன் இருக்கிறது. இரண்டே ஜீன், அதுவும் தொலைவில், என்றால் மறுசேர்க்கை (பெற்றோர் வகையிலிருந்து மாறிய ஈக்களின் பங்கு) 50 சதவீதத்தைத் தாண்டாது, தூரம் 50 சென்டிமார்கனைத் தாராளமாகத் தாண்டும். அந்த இடைவெளியைச் சரிசெய்யத்தான் மேப்பிங் ஃபங்ஷன்கள். ஹால்டேன் சூத்திரம் இன்டர்ஃபியரன்ஸ் இல்லை என்று வைத்துக்கொள்ளும். கோசாம்பி சூத்திரம் உண்டு என்று எடுக்கும். ஆம், வரலாற்று நூல்கள் எழுதிய அதே டி. டி. கோசாம்பிதான். உங்கள் தாளில் இது கேட்கப்படுகிறதா என்று பாடத்திட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், மூன்று ஜீன் கணக்கு போட இது தேவையில்லை.