மாடித் தட்டில் குளிக்கும் சின்னான்: இது காட்டுயிர்ப் படமா?

கல்மரம்:
நம் படக் குழுவில் இந்த மாதத் தலைப்பு 'குளியலும் கோதலும்'. மொட்டை மாடியில் மண் தட்டில் தண்ணீர் வைத்து, பின்னால் பழைய பச்சைப் புடவையைக் கட்டி, சின்னான் குருவி ஒன்று குளிப்பதை எடுத்தேன். ஷட்டர் வேகம் 1/2000 நொடி. தெறித்த துளிகள் எல்லாம் அப்படியே அந்தரத்தில் நிற்கின்றன. காட்டுயிர்ப் பிரிவில்தான் போடுகிறேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?

தூரப்பார்வை:
எனக்கு உண்டு. இது ஏற்பாடு செய்து எடுத்த படம். தட்டு உங்களுடையது, தண்ணீர் உங்களுடையது, வெளிச்சம் விழும் மூலையும் நீங்கள் தேர்ந்தெடுத்தது. பறவை மட்டும்தான் வெளியிலிருந்து வந்திருக்கிறது. லண்டனில் நடக்கும் பெரிய காட்டுயிர்ப் படப் போட்டியில் 2009-இல் முதல் பரிசு வாங்கிய ஓநாய்ப் படத்தை, அது பழக்கப்பட்ட ஓநாயாகத்தான் இருக்கும் என்று சொல்லி அடுத்த ஆண்டு தகுதிநீக்கம் செய்தார்களே, நினைவிருக்கிறதா?

கல்மரம்:
சார், ஓநாய்க் கதை வேறு. அங்கே விலங்கே காட்டு விலங்கு இல்லை என்பதுதான் பிரச்சினை. இங்கே சின்னானை யாரும் கூண்டில் கொண்டுவரவில்லை. கேரளத்தில் தட்டேக்காடு பறவைகள் சரணாலயம் பக்கம் போய், காசு கொடுத்து மறைவிடத்தில் உட்கார்ந்து, அவர்கள் வைத்த தண்ணீர்க் குழிக்கு வரும் பறவையை எடுத்தால் காட்டுயிர். என் மாடியில் எடுத்தால் ஸ்டுடியோவா?

தூரப்பார்வை:
அதையும் நான் முழுக்க ஒப்புக்கொண்டதில்லை. என் குறை விதிமுறை பற்றியதே அல்ல. தட்டு வைத்து எடுக்கிற எல்லோருக்கும் கிடைப்பது ஒரே படம்: தெறிக்கும் தண்ணீர். ஆனால் பறவையின் சுத்தத்தில் குளியல் வெறும் தொடக்கம். அப்புறம் அது ஒரு கிளைக்குப் போய் உதறும். முதுகில் வால் தொடங்கும் இடத்தில் இருக்கும் சுரப்பியிலிருந்து அலகால் எண்ணெய் எடுத்து, இறகு இறகாக நீவும். கலைந்த இழைகளை மறுபடி கோத்துவிடும். குளித்ததைவிட இதற்குத்தான் அதிக நேரம். கொக்குக்கு நடுவிரல் நகத்திலேயே சீப்புப் பல் உண்டு. தவிட்டுக்குருவிகள் கிளையில் ஒட்டி உட்கார்ந்து, தன் அலகு எட்டாத தலையையும் கழுத்தையும் இன்னொன்றிடம் நீட்டும். பாம்புத்தாராவின் இறகு தண்ணீரில் நன்றாக நனைந்துவிடும், மூழ்கி மீன் பிடிக்க அது வசதி. அதனால்தான் வேடந்தாங்கலில் வெயிலில் இறக்கையை விரித்தபடி உட்கார்ந்திருக்கிறது. இதில் எதுவும் தட்டில் நடக்காது.

செம்பருத்தி:
உங்கள் சண்டைக்கு நடுவே ஒன்று கேட்கிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டு விளிம்பில் பாசி, ஓரத்தில் எச்சம். தம்பி, தண்ணீர் மாற்றி எத்தனை நாள் ஆகிறது?

கல்மரம்:
தினமும் ஊற்றுகிறேன் அக்கா.

செம்பருத்தி:
ஊற்றுவது வேறு, மாற்றுவது வேறு. புறாவும் அதே தட்டில்தானே குடிக்கிறது? புறாக்களுக்குத் தொண்டையில் புண் உண்டாக்கும் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி இப்படிப் பொதுவில் குடிக்கும் தண்ணீர் வழியாகவும் பரவும். பறவை சுத்தமாக இருப்பதைப் படம் எடுக்கிறேன் என்று அதற்கு நோயை ஊற்றி வைக்கிறோம்.

அடுத்தது கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ், முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தட்டின் சுவரில் ஒட்டிவிட்டுப் போகும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது, காய்ந்தே மாதக்கணக்கில் கிடக்கும். மறுபடி நனைந்தால் பொரிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். அதனால் தேங்காய் நாரால் உள்பக்கம் முழுக்கத் தேய்க்க வேண்டும். சோப்பு வேண்டாம், அதன் மிச்சம் இறகின் எண்ணெயைக் கெடுக்கும். ஆழம் 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் சொரசொரப்பான கல் ஒன்று வையுங்கள். வழுக்கும் தட்டில் பறவை பயந்துகொண்டுதான் நிற்கும். பூனை பதுங்க இடம் இல்லாத மூலையாகவும் பாருங்கள், நனைந்த பறவையால் சட்டென்று எழும்ப முடியாது.

பிரிவு காட்டுயிரா வீட்டுயிரா என்பதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

பைபாஸ்_ராஜா:
என் படத்துக்கும் ஒரு தீர்ப்பு சொல்லுங்கள். லாரி நிறுத்தத்துக் குழாயடியில் ஒரு டிரைவர் தலை முழுக்க நுரையோடு குளிக்கிறார். தூரத்திலிருந்து 300 மி.மீ. லென்ஸில் எடுத்தேன், அவருக்குத் தெரியாது. ஏற்பாடே இல்லாத இயல்பான படம்!

தூரப்பார்வை:
அதைப் போடாதீர்கள். சின்னானிடம் அனுமதி கேட்க வழியில்லை. அவரிடம் கேட்டிருக்கலாம்.

பைபாஸ்_ராஜா:
கேட்டால் இயல்பு போய்விடுமே சார். நீங்கள்தானே ஏற்பாடு கூடாது என்றீர்கள்?

செம்பருத்தி:
எடுத்த பிறகாவது காட்டிக் கேட்டிருக்கலாமே. குளிக்கிற நிலையில் தன் படம் ஊருக்குள் சுற்றுவது உங்களுக்குப் பிடிக்குமா? வீட்டு வாசலில் அம்மா பிள்ளைக்குப் பேன் பார்க்கிற படங்களுக்கும் இதுதான் கேள்வி. குரங்கு குரங்குக்குப் பேன் பார்ப்பதை ரசித்து எடுக்கிறோம் சரி. அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

கல்மரம்:
தட்டைத் தேய்த்துவிட்டேன் அக்கா, கல்லும் வைத்தாயிற்று. ஆனால் பிரிவை மாற்றப்போவதில்லை. 'மாடியில் தண்ணீர் வைத்து எடுத்தது' என்று படத்தின் கீழேயே எழுதுகிறேன். மறைத்தால்தானே ஏமாற்று?

தூரப்பார்வை:
எழுதினால் பாதிக் குறை தீர்ந்தது. மீதிக்கு ஒரு வழி சொல்கிறேன். குளித்து முடித்ததும் எந்தக் கிளைக்குப் போகிறது என்று பார்த்து, நாளைக்குக் கேமராவை அங்கே திருப்புங்கள். தெறிப்பை விட்டுவிட்டுக் கோதலை எடுங்கள். அதைக் காட்டுயிர்ப் பிரிவில் போட்டால் வாயைத் திறக்க மாட்டேன்.

கல்மரம்:
பக்கத்து முருங்கைக்குத்தான் போகிறது. அந்த மரமும் நான் நட்டதுதான் சார். இப்போது என்ன சொல்கிறீர்கள்?