குளிசையோ, கழுவுறதோ? நடந்த ஆக்கள் சொல்லுங்கோ

வாசல்மல்லி, மல்லாவி
அக்காமார், கணக்குப்படி எனக்குப் பத்துக் கிழமை, ஆனா ஸ்கானில கரு ஏழு கிழமை அளவோட நிண்டிட்டுதாம், துடிப்பில்ல. ஒரு கிழமை விட்டுத் திருப்பிப் பாத்தும் அதே தான். வெள்ளிக்கிழமை வரச்சொல்லியிருக்கினம், குளிசை வைக்கிறதோ கர்ப்பப்பையைக் கழுவுறதோ எண்டு யோசிச்சுக்கொண்டு வரட்டாம். மாமி குளிசை போதும் எண்டுறா, இவர் வாயே திறக்கிறாரில்ல. உள்ளதைச் சொல்லுங்கோ.

குளக்கட்டு, ஒட்டுசுட்டான் பக்கம்
தங்கச்சி, எனக்கு 2022 ல, பெற்றோலுக்கு வரிசையில நிண்ட நேரம் பாத்து நடந்தது. தியேட்டர் எண்டாலே பயம், அதால குளிசை தான் கேட்டனான். மிசோபிரொஸ்டோல் எண்டு பேர், முதல் வயித்துப்புண்ணுக்கு எண்டு வந்த மருந்தாம், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் எண்டதால இதுக்கும் பாவிக்கினம். 200 மைக்ரோகிராம் குளிசை நாலு உள்ளுக்கு வைச்சவை. மூண்டு மணித்தியாலத்தால குளிர் நடுக்கம், பேந்து நோ. மாதவிடாய் நோ மாதிரித் தான் இருக்கும் எண்டு சொல்லுவினம், எனக்கெண்டால் மூத்தவன் பிறக்கேக்க இருந்த நோவில அரைவாசி இருந்தது, கேட்டால் குத்துக்கு ஊசி போடுவினம், கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ. வாட்டுக் கக்கூசில கட்டி கட்டியா விழேக்க நானே பாத்திட்டன். அப்பிடி வரும் எண்டு ஒருத்தரும் முதலே சொல்லேல்ல, அந்தக் கோவம் இன்னும் போகேல்ல.

அடுத்த நாள் வீட்ட விட்டாங்கள். எங்கட வீடு குளத்துக்கு அங்கால, அஞ்சு மணிக்குப் பிறகு பஸ் இல்ல, ரோட்டில யானை. நாலாம் நாள் இரவு ரத்தம் ஒரே ஊத்தல். பெரிய பாட் மணித்தியாலத்துக்கு ரெண்டு எண்டு ரெண்டு மணித்தியாலம் தொடர்ந்து நனைஞ்சால் உடன வரச்சொல்லி நேர்ஸ் சொன்னவ, நான் ரோச் லைட்டோட பாட் எண்ணிக்கொண்டு இருக்கிறன், இவர் எண்ணெய் இருக்கிற ஓட்டோ தேடி ஊரெல்லாம் ஓடுறார். விடியப்புறம் தானா குறைஞ்சுது. ரெண்டு கிழமை சொட்டுச் சொட்டாப் போய், பேந்து ஸ்கானில துப்பரவு எண்டு சொன்னவை. குளிசை வேலை செய்யும் தான், ஆனா வீடு தூரமெண்டால் இன்னும் ரெண்டு நாள் வாட்டில வைச்சிருக்கச் சொல்லிக் கேளுங்கோ.

செவ்வரத்தை, கிளிநொச்சி
எனக்குக் குளிசை ரெண்டு தரம் வைச்சும் முழுசா வரேல்ல, கடைசியில கழுவினது தான். மிசோ மட்டும் எண்டால் நாலைஞ்சு பேரில ஒராளுக்கு இப்பிடி மிச்சம் நிக்குமாம். முதலே கழுவியிருக்கலாம் எண்டு இப்ப நினைக்கிறன். அம்மாவையள் சொல்லுற மாதிரிச் சுரண்டுறேல்ல, குழாய் வைச்சு உறிஞ்சி எடுக்கிறது, உலக சுகாதார நிறுவனமும் சுரண்டவேண்டாம், உறிஞ்சச் சொல்லித்தான் சொல்லுது. காலமை தண்ணிகூடக் குடிக்காமல் போனது, மயக்கினது, முழிச்சால் பிளேன்ரீ. பத்து நிமிசமும் இல்லையாம். நோ குறைவு, நான் ஒண்டும் பாக்கேல்ல. கர்ப்பப்பையில காயம் வாறது, கிருமி தொத்துறது எண்டு இருக்குத் தான், ஆனா எப்பவாவது ஒராளுக்குத் தான். கையெழுத்து வைக்க முதல் வாசிச்சுப் பாருங்கோ.

விசுவமடுக்காரி, இப்ப லண்டன்
என்ர கதை வேற, நான் வேணாமெண்டு எடுத்தது, எட்டுக் கிழமையில. இங்க 2020 க்குப் பிறகு பத்துக் கிழமைக்குள்ள எண்டால் போனில கதைச்சிட்டு வீட்டிலேயே குளிசை எடுக்கலாம். முதல் மிஃபெபிரிஸ்டோன் ஒண்டு, அது கருவைத் தாங்கிற ஹோர்மோனை மறிக்கும், ஒண்டு ரெண்டு நாள் விட்டு மிசோ. ரெண்டும் சேர்ந்தால் மிச்சம் நிக்கிறது குறைவு. சுடுதண்ணிப் போத்தலோட சோபாவில படுத்திருந்தனான், மத்தியானம் தொடங்கி இரவுக்குள்ள முடிஞ்சுது. அம்மாவுக்கு இண்டைக்கும் தெரியாது. ஊரில எண்டால் 1883 இல வந்த இலங்கைச் சட்டம், தாயின்ர உயிரைக் காப்பாத்த மட்டும் தான் விடும், கெடுத்தவனால வந்தாலும் விடாது.

பாலைப்பழம்
அதால தான் ஊரில கள்ளமா வாங்கிப் போடுறாளவை. என்ர மச்சாள் ஒருத்தி ஸ்கானும் பாக்காமல் யாரோ குடுத்ததைப் போட்டவள், கரு இருந்தது கர்ப்பப்பைக்கு வெளியில, கருக்குழாயில. குளிசை குழாயில இருக்கிறதை ஒண்டும் செய்யாது. வெடிச்சு, ஓடிப்போய் ஒப்பரேசன் செய்து தப்பினது. கள்ளமாப் போட்டிருந்தாலும் ரத்தம் ஊத்தினால், தலை சுத்தினால், ஒரு பக்கமா இழுத்துக் குத்தினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, பொலிசை நினைச்சு வீட்டில கிடக்காதேங்கோ.

மல்லாவித் தங்கச்சி, ரத்த வகை என்ன? நெகட்டிவ் எண்டால், அடுத்த பிள்ளைக்குப் பிரச்சினை வராமல் போடுற அன்ரி-டி ஊசி வேணுமோ எண்டு கேளுங்கோ.

வாசல்மல்லி
ஓ நெகட்டிவ் அக்கா! கிளினிக் கொப்பியில எழுதிக் கிடக்கு, ஒருத்தரும் கதைக்கேல்ல. வெள்ளிக்கிழமை முதல் கேள்வி அது தான். வீட்டில ஓட்டோவும் இல்ல, கக்கூசும் வெளியில, அதால கழுவுறதுக்கே சொல்லப்போறன். மாமியை விட்டிட்டுச் சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு போறன்.