லைற்றுக்கு வந்தது குளவியா, விட்டிலா?

நெடுங்கேணியான்:
எங்கள் பின்வேலிக்கு அங்கால் பாலையும் வீரையுமாகக் காடு தொடங்கிவிடும். போன கிழமை விறகு பொறுக்கப் போனபோது ஒரு முதிரைக் கன்றில் கறுப்பு உடம்பு, வயிற்றில் மஞ்சள் பட்டியோடு ஒன்று இருந்தது. குளவி என்று விறகுக் கட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். (சின்ன வயதில் குளவி கொட்டி இரண்டு கண்ணும் மூடிப்போன ஆள் நான்.) அன்றிரவு விறாந்தை லைற்றடியில் இன்னொன்று: செம்மஞ்சள், ஒல்லி, நீட்டு மீசை. அம்மம்மா "உது விட்டில், விடு" என்றா. பிடித்தேன், சுருக்கென்று குத்திவிட்டது. விட்டில் குத்துமா?

முத்தையன்கட்டு:
தம்பி, ஓட வேண்டியதற்கு ஓடாமல் மற்றதற்கு ஓடியிருக்கிறீர்கள். இறகில் கண்ணாடி வைத்தது மாதிரிப் புள்ளிகள் இருந்தனவா? அப்படியென்றால் அது அமாட்டா வகை விட்டில். பகலில் பறக்கும், குளவி வேஷம் போடும், கொடுக்கே கிடையாது.

லைற்றுக்கு வந்ததுதான் குளவி. இக்நியூமோனிட் என்ற ஒட்டுண்ணிக் குடும்பம்; பெயர் வைத்தவையே சுமார் 25,000 இனம். கூட்டமாக வாழாது. இரவில் திரியும் இந்தச் செம்மஞ்சள் வகையில் பெண் குளவி விட்டில் புழுவைத் தேடிப்போய் முட்டையிடும். குஞ்சு அந்தப் புழுவைத் தின்றே வளரும். முட்டையிடுகிற ஊசிதான் உங்கள் விரலில் ஏறியது.

நிறத்தை நம்பாதீர்கள், இடுப்பைப் பாருங்கள். குளவிக்கு நூல் மாதிரி; விட்டிலுக்கு நெஞ்சும் வயிறும் ஒரே தடிப்பு. விட்டில் இறகைத் தொட்டால் விரலில் மா ஒட்டும், அது செதில். குளவி இறகில் நரம்பை எண்ணலாம்.

எள்ளுக்காணி:
அண்ணை சொன்னதை நான் போத்தலுக்குள் பார்த்தேன். எள்ளில் வாலில் கொம்போடு விரல் தடிப்புப் புழு வருமே, போன சிறுபோகம் ஒன்றின் முதுகு முழுக்க வெள்ளை அரிசி ஒட்டினமாதிரி இருந்தது. புழு போட்ட முட்டை என்று நினைத்து, முதலில் கண்ட இரண்டை நசுக்கியும்விட்டேன். பிறகு ஒன்றை இலையோடு போத்தலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தேன். சில நாளில் எறும்பளவு கறுப்புக் குளவிகள் துணியில் ஏறி நின்றன. அரிசி எல்லாம் மூடி திறந்த கூடு. புழு வெறும் தோல். நசுக்கின இரண்டுக்கும் இப்பவும் மனம் கேட்கவில்லை, எனக்கு வேலை செய்த ஆட்கள் அல்லவா.

நெடுங்கேணியான்:
நன்றி அண்ணை, அக்கா. அம்மம்மாவிடம் சொன்னேன். "குத்தினால் குளவி எண்டு எனக்கும் தெரியும்" என்கிறா. சரி, விறகுக் கட்டு இன்னும் முதிரையடியில்தான் கிடக்கிறது.