மலையில் மூடுபனி, கீழே வெயில்

குடும்பக் குழு, சனிக்கிழமை

காலை 6:52

நான்: எல்லோருக்கும் காலை வணக்கம். ஐல் ஆஃப் மேன் தீவின் தலைநகரான டக்ளஸில் வெயில் நன்றாக அடிக்கிறது. ராத்திரி பெய்த மழை ரோட்டோரம் அங்கங்கே தேங்கியிருக்கிறது, ஆனால் வானத்தில் ஒரு மேகம் இல்லை. இன்றைக்கு டிடி என்கிற மோட்டார் சைக்கிள் பந்தயம் கண்டிப்பாக நடக்கும் என்று அண்ணன் அடித்துச் சொல்கிறான்.

சித்தப்பா: டக்ளஸ் வானத்தைப் பார்த்து எதையும் முடிவு பண்ணாதே மா. ஸ்னேஃபெல் மலை தெரிகிறதா? அதை முதலில் சொல்.

நான்: தெரியவில்லை சித்தப்பா. மலை இருக்கிற பக்கம் வெள்ளையாக மூடியிருக்கிறது.

சித்தப்பா: அப்படியென்றால் காலையில் ஓட்டம் இல்லை. அவசரப்படாமல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அம்மா: ஊரெல்லாம் வெயில் அடிக்கும்போது எதற்காக நிறுத்துவார்கள்?

சித்தப்பா: அண்ணி, இது மைதானத்துக்குள் சுற்றுகிற பந்தயம் இல்லை. ஒரு சுற்று 37.73 மைல், நம் கணக்கில் 60 கிலோமீட்டருக்கு மேல். டக்ளஸில் புறப்பட்டு, ஊர் ஊராக நுழைந்து, மேற்குக் கரைப் பக்கம் போய், வடக்கே ராம்சே வரைக்கும் ஓட்டி, அங்கிருந்து மலை ஏறி இறங்கி மறுபடி டக்ளஸ் வர வேண்டும். ஸ்னேஃபெல் 621 மீட்டர் உயரம். உச்சிக்கு ரோடு போகாது, ஆனால் பக்கத்துச் சரிவில் 400 மீட்டருக்கு மேல் ஏறிவிடும். கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று அந்த மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து அங்கேயே மேகமாக உட்கார்ந்துகொள்ளும். அதனால் கீழே வெயில், வடக்கே சல்பி என்கிற ஊர்ப் பக்கம் தூறல், மேலே பத்தடி முன்னால் இருப்பது தெரியாது, எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும்.

அத்தை: ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஓட்ட முடியாதா?

சித்தப்பா: ஓட்டுகிறவருக்குத் தெரிவது பாதி விஷயம்தான் அக்கா. விழுந்தால் தூக்கிக்கொண்டு போக ஹெலிகாப்டர் வர வேண்டும். மலையில் ஹெலிகாப்டர் இறங்க முடியாது என்றால் பந்தயத்தைத் தொடங்கவே மாட்டார்கள். அதனால்தான் மலை தெரிகிறதா என்று முதலில் கேட்டேன்.

காலை 8:15

அண்ணன்: சித்தப்பா, எங்கே போய் நிற்கலாம்? எனக்கு மலையில் பங்களோ என்கிற இடத்தில் நிற்க ஆசை. தங்கச்சி கீழே பல்லாஃப் ஊர்ப் பாலம் என்கிறாள்.

சித்தப்பா: இன்றைக்குப் பல்லாஃப். வானம் சரியில்லாத நாளில் மலைக்குப் போனால் மணிக்கணக்கில் குளிரில் நிற்க வேண்டும், ஒதுங்கக் கூரை கிடையாது, மூடுபனியில் எதிர்ப்பக்க வேலிகூடத் தெரியாது. தெளிவான நாளில் அதைவிட நல்ல இடம் இல்லை, எத்தனையோ வளைவுகளை ஒரே பார்வையில் பார்க்கலாம், அதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பல்லாஃப் ஊருக்குள் இருக்கிறது, ஒதுங்க இடம் உண்டு. அப்புறம் முக்கியமான விஷயம், வெளிப்பக்கம் நில்லுங்கள், உள்பக்கம் போகாதீர்கள். ரோடு மூடிவிட்டால் குறுக்கே கடக்க யாரையும் விடமாட்டார்கள், அது அங்கே சட்டம். உள்பக்கம் நின்றால் திறக்கும் வரை அந்த வட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான். வெளிப்பக்கம் என்றால் கடலோரச் சின்ன ரோடுகள் வழியாகக் கொஞ்சம் நகரலாம்.

அம்மா: ரெயின்கோட் எடுத்தீர்களா? கம்பளிக் குல்லாய்?

நான்: எடுத்தாச்சு அம்மா.

சித்தப்பா: மழைக்குப் போடுகிற பேன்ட்டும் எடு. மேலே நனையாமல் இருந்து இடுப்புக்குக் கீழே நனைந்தால் நாள் முழுக்க நடுங்க வேண்டும். தடித்த ஒரே கோட்டைவிட மெல்லிசாக மூன்று அடுக்கு போடுவது நல்லது, வெயில் வரும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். வெயிலுக்கு முகத்தில் பூசுவதையும் மறக்காதே, நனைந்த அதே நாளில் முகம் கன்றிப்போகிற ஊர் அது. கையடக்க ரேடியோ இருந்தால் ரொம்ப நல்லது, மேங்க்ஸ் ரேடியோவில் எல்லா அறிவிப்பும் உடனே வரும். போனை நம்பி இருக்காதே, கூட்டம் சேர்ந்ததும் சிக்னல் திணறும்.

காலை 10:34

நான்: பல்லாஃப் வந்துவிட்டோம். வெளிப்பக்கம்தான் சித்தப்பா. பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டுக் கல்சுவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. நிற்கக்கூடாத இடத்தில் எல்லாம் சிவப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். ரோடு மூடியாச்சு. ஆனால் ஒரு மணி நேரம் தாமதம் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள்.

சித்தப்பா: ஒரு மணி நேரம் என்றால் அந்த ஒரு மணி நேரம் கழித்து அடுத்த அறிவிப்பு வரும் என்று எடுத்துக்கொள், ஓட்டம் என்று எடுத்துக்கொள்ளாதே.

நான்: பக்கத்தில் ஒரு வயதான அம்மா மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மனனான் என்கிற கடல் தெய்வம் தன் போர்வையை எடுத்துத் தீவின் மேல் போர்த்துகிறதாம், அதுதான் இந்த மூடுபனி, எதிரிகள் கண்ணுக்குத் தீவு தெரியாமல் காப்பாற்றுகிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்ததாகச் சொன்னார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

மதியம் 12:20

அண்ணன்: இன்னும் ஒன்றரை மணி நேரம் தள்ளிவிட்டார்கள். இங்கே ரோடு முழுக்கக் காய்ந்துவிட்டது சித்தப்பா, சும்மா உட்கார்ந்திருக்கிறோம். மோட்டோஜிபியில் கொட்டுகிற மழையில்கூட டயரை மாற்றிக்கொண்டு ஓட்டுகிறார்களே, இவர்கள் ஏன் ஒரு தூறலுக்கு இவ்வளவு யோசிக்கிறார்கள்?

சித்தப்பா: நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். மோட்டோஜிபி சர்க்யூட்டில் விழுந்தால் வழுக்கிக்கொண்டு போகப் பெரிய வெற்றிடம் இருக்கும், சரளைக்கல் இருக்கும். இங்கே நீ கை வைத்துக்கொண்டிருக்கிற அந்தக் கல்சுவர்தான் இருக்கிறது. இரண்டாவது, சர்க்யூட் முழுக்க நனைந்திருந்தால் மழை டயர் போடலாம், முழுக்கக் காய்ந்திருந்தால் வரிப்பள்ளமே இல்லாத ஸ்லிக் போடலாம். 60 கிலோமீட்டரில் பாதி காய்ந்து பாதி நனைந்திருந்தால் எதைப் போடுவது? காய்ந்த ரோட்டில் மழை டயர் சூடேறிப் பிய்ந்துபோகும், ஈரத்தில் ஸ்லிக் பிடிக்காது. மூன்றாவதுதான் பெரிய ஆபத்து. கிளென் ஹெலன் பக்கம் ரோட்டின் மேல் மரங்கள் கவிந்திருக்கும். எல்லா இடமும் காய்ந்த பிறகும் அந்த நிழலில் திட்டுத்திட்டாக ஈரம் நிற்கும், மழை விட்டு ரொம்ப நேரம் கழித்தும் இலையிலிருந்து சொட்டும். வெயிலில் இருந்து நிழலுக்குள் 240 கிலோமீட்டர் வேகத்தில் நுழைகிறவர் கண்ணுக்கு அந்தத் திட்டு தெரியும் முன்பே சக்கரம் அதன் மேல் ஏறியிருக்கும்.

அண்ணன்: இப்படி நான் யோசித்ததே இல்லை.

சித்தப்பா: 1972-இல் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது டிடி உலக சாம்பியன்ஷிப்புக்கான பந்தயங்களில் ஒன்று, புள்ளிகள் வேண்டுமென்றால் எல்லோரும் வந்தே ஆக வேண்டும். 125 சிசி பந்தயம் மழையிலேயே நடந்தது. ஜில்பெர்டோ பார்லோட்டி என்கிற இத்தாலிக்காரர் மலையில் வெராண்டா என்கிற வளைவில் விழுந்து இறந்துபோனார். அவருடைய நண்பர் ஜியாகோமோ அகோஸ்டினி, 15 உலகப் பட்டம் வாங்கினவர், இந்தத் தீவில் 10 வெற்றி கண்டவர், அந்த வருஷத்தோடு இங்கே ஓட்டுவதை விட்டுவிட்டார். மற்ற பெரிய வீரர்களும் விலக ஆரம்பித்தார்கள். 1976-க்குப் பிறகு டிடிக்கு உலக சாம்பியன்ஷிப் அந்தஸ்தே இல்லாமல் போனது. இப்போது வருகிறவர்கள் யாரும் புள்ளிக் கட்டாயத்துக்காக வருவதில்லை, அவர்களாக விரும்பி வருகிறார்கள். அப்படி வருகிறவர்களை ஈரத்தில் இறக்கிவிடக் கூடாது என்று நிர்வாகம் இன்றைக்கு யோசிக்கிறதே, அதில் எனக்கு ரொம்ப நிம்மதி. 2022-இல் மழை காரணம் இல்லாமலே ஆறு பேர் போய்விட்டார்கள். அந்த வாரம் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

அம்மா: இதெல்லாம் கேட்டால் வயிற்றைப் பிசைகிறது. பிள்ளைகளா, சுவரை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

நான்: தள்ளித்தான் நிற்கிறோம் அம்மா. பாதையோரம் பாதுகாப்பைக் கவனிக்கிற மார்ஷல் வந்து எல்லோரையும் இரண்டடி பின்னால் போகச் சொன்னார்.

மதியம் 2:05

நான்: இப்போது இங்கே மழை. பத்து நிமிடம் சடசடவென்று அடித்துவிட்டு நின்றுவிட்டது. ஆனால் மலையில் மூடுபனி விலகுகிறதாம்!!

அத்தை: அங்கே விட்டால் இங்கே பிடிக்கிறது.

சித்தப்பா: அதுதான் டிடி அக்கா.

அத்தை: இவ்வளவு தூரம் போய் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் ஒன்றையும் பார்க்காமல் திரும்பி வரப் போகிறார்களா?

சித்தப்பா: வரலாம். 2012-இல் வாரத்தின் பெரிய பந்தயமான சீனியரையே ரத்து செய்தார்கள், வானிலைக்காக அது ரத்தானது அதுதான் முதல் முறை. 2025-இலும் சீனியர் நடக்கவில்லை. கடைசி நாளில் அந்த அறிவிப்பைக் கேட்டவர்கள் மறுநாள் கப்பல் ஏற வேண்டியவர்கள். அதனால்தான் கிளம்பும்போதே இவர்களிடம் சொன்னேன், ஒரு நாள் டிக்கெட் போடாதீர்கள், இரண்டு நாளாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள் என்று. காற்று பலமாக இருந்தால் கப்பலும் கிளம்பாது.

மாலை 3:30

நான்: சித்தப்பா, பாதையைச் சுற்றிவந்து பார்க்கிற டிராவலிங் மார்ஷல் ஒருவர் பைக்கில் வந்து பாலத்துக்கு முன்னால் நிறுத்தினார். இறங்கி, கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் உள்ளங்கையை ரோட்டில் வைத்து அழுத்திப் பார்த்தார், கொஞ்சம் தள்ளி வேலி நிழலில் கறுப்பாக இருந்த பட்டையிலும் அதே மாதிரி பார்த்தார். அப்புறம் ரேடியோவில் ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவ்வளவு பேர் இருந்தும் ஒருவரும் பேசவில்லை.

சித்தப்பா: அவர் சொல்வதை வைத்துத்தான் மேலே முடிவெடுப்பார்கள். அவர்களில் நிறையப் பேர் முன்பு இங்கே பந்தயம் ஓட்டினவர்கள்.

மாலை 4:10

அண்ணன்: 4:45-க்குத் தொடக்கம்!!! ஆறு சுற்றை நாலாகக் குறைத்திருக்கிறார்கள். மார்ஷல் கொடி வைத்துக்கொண்டு தயாராக நிற்கிறார். அது என்ன, மஞ்சளில் சிவப்புக் கோடு?

சித்தப்பா: ரோடு வழுக்கும் என்று எச்சரிக்கிற கொடி. நாலு சுற்று என்றால் கணக்கே மாறிவிடும். ஒரு டேங்க் பெட்ரோல் ஏறக்குறைய இரண்டு சுற்றுக்கு வரும். ஆறு சுற்றுக்கு இரண்டு முறை பிட்டில் நிற்க வேண்டும், நாலுக்கு ஒரே முறை போதும். அங்கே பெட்ரோல் போட்டுப் பின் டயரை மாற்றுவதற்குள் பத்து நொடி இழந்தால், அதை ரோட்டில் மீட்க வாய்ப்பு குறைவு. அதனால் முதல் சுற்றிலிருந்தே வேகமாகப் போவார்கள். இன்னொன்று, எல்லோரும் ஒன்றாகப் புறப்பட மாட்டார்கள், பத்து நொடிக்கு ஒருவர். முன்னால் வருகிறவர்தான் முதலிடம் என்று நினைக்காதீர்கள், ரேடியோ நேரத்தைச் சொல்லும்.

மாலை 5:02

நான்: முதல் வண்டி போய்விட்டது. எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. முதலில் சத்தம்தான் வந்தது, கிர்க் மைக்கேல் பக்கமிருந்து, இஞ்சினா காற்றா என்று தெரியவில்லை. அப்புறம் பறவைகள் எல்லாம் எழும்பின. பாலத்துக்கு முன்னால் கியரைக் குறைக்கும்போது படபடவென்று வெடித்தது, அடுத்த நொடி இரண்டு சக்கரமும் தரையை விட்டு மேலே. முன்சக்கரம் அந்தரத்தில் லேசாகத் திரும்பியிருந்ததைப் பார்த்தேன் சித்தப்பா. பின்சக்கரம் முதலில் இறங்கியது, உடனே ஆக்சிலேட்டரைத் திறந்துவிட்டார். சுவரோரத்துப் புல் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. சூடான எண்ணெய் வாசனை இப்போதும் இருக்கிறது.

அண்ணன்: நான் வீடியோ எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை.

சித்தப்பா: சரியாகச் செய்தாய். பீட்டர் ஹிக்மன் என்கிற வீரர் 2023-இல் மணிக்குச் சராசரி 136.358 மைல் வேகத்தில் ஒரு சுற்று முடித்தார், கிலோமீட்டரில் 219-க்கு மேல். அந்தச் சராசரிக்குள் உன் கண் முன்னால் இருக்கிற அந்தப் பாலமும் சேர்த்தி. அங்கே நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த எண் புரியும்.

அத்தை: ஒரு முறை நானும் வந்து பார்க்க வேண்டும்.

மாலை 6:08

நான்: முடிந்தது. எல்லோரும் பத்திரமாக வந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். பக்கத்து அம்மா கை தட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அம்மா: அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன்.

சித்தப்பா: நாளைக்கு என்ன சொல்கிறார்கள்?

அண்ணன்: காலையில் தெளிவு, மதியத்துக்கு மேல் காற்று என்று போட்டிருக்கிறார்கள். மலைக்குப் போகலாமா?

சித்தப்பா: காலையில் எழுந்ததும் மலையைப் பார். உச்சி தெரிந்தால் மலை இறக்கத்தில் இருக்கிற கிரெக்-நி-பா வளைவுக்குப் போங்கள். மேலிருந்து நேராக இறங்கி வந்து வலப்பக்கம் திரும்புவார்கள், தூரத்திலிருந்தே வண்டியைப் பார்க்கலாம். ராம்சேயிலிருந்து கிரெக் வரை மலை ரோடு இந்த நாட்களில் ஒருவழிப் பாதை, அதனால் டக்ளஸிலிருந்து வந்தால் கிரெக்கைத் தாண்டி மேலே ஏற முடியாது, எந்த வழியாகப் போவது என்று ராத்திரியே வரைபடத்தில் பார்த்து வையுங்கள். நிறுத்த இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

நான்: உச்சி தெரியவில்லை என்றால்?

சித்தப்பா: மறுபடியும் பல்லாஃப். ரேடியோவுக்குப் புது பேட்டரி வாங்கிக்கொள்.