அப்பா வாங்கிய ‘ரொப் ஒஃப் த பொப்ஸ்’ தட்டுகள்: பாடியது யார்?

தெற்குலண்டன்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பழைய இசைத்தட்டுகள் பற்றிக் கேட்பதென்றால் இங்கேதான் கேட்கவேண்டும் என்று மச்சான் சொன்னார். அதனால் சேர்ந்தேன்.

சென்ற மாதம் அப்பாவின் வீட்டை ஒதுக்கினோம். பரணில் ஒரு பழைய தேயிலைப் பெட்டி, அதற்குள் 14 எல்.பி. தட்டுகள். ஒன்பது, ஹோல்மார்க் லேபிளில் வந்த ‘ரொப் ஒஃப் த பொப்ஸ்’. மூன்று, எம்.எஃப்.பி., அதாவது மியூசிக் ஃபோ பிளெஷர் என்ற மலிவுத் தட்டு லேபிள். மிச்சம் இரண்டில் ஒன்று ‘101 ஸ்ரிங்ஸ்’ என்ற இசைக்குழு, மற்றது மந்தோவானியின் இசைக்குழு.

நாங்கள் 1970இல் யாழ்ப்பாணத்தில் இருந்து லண்டனுக்கு வந்தோம். எனக்கு அப்போது ஏழு வயது. ரூட்டிங்கில் ஒரு வீட்டின் மேல்தளத்தில் இரண்டு அறை. மீற்றருக்குள் காசு போட்டால்தான் ஹீற்றர் எரியும். அப்பா பகலில் கணக்கியல் படித்தார், இரவில் ஒரு கிடங்கில் வேலை செய்தார். கையில் ஏதாவது மிஞ்சினால் சனிக்கிழமை பேப்பர் கடையில் இருந்து ஒரு தட்டு வீட்டுக்கு வரும். இரண்டு ஒரிஜினல் சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு) வாங்குகிற காசு கூட ஆகாது, 12 பாட்டு கிடைக்கும். அந்தக் கிழமை றேடியோவில் போய்க்கொண்டிருந்த அதே பாட்டுகள். பாடினவர்கள்தான் வேறு.

உறையில் எப்போதும் குட்டைப் பாவாடையோடு ஒரு இளம்பெண் சிரித்துக்கொண்டு நிற்பார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. தட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவும் மனமில்லை. எங்கள் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு உறை போடுகிற பிறவுண் பேப்பரை வெட்டி, ஒவ்வொன்றுக்கும் மடித்துப் போட்டு, மேலே பேனையால் ‘பாட்டு 18’, ‘பாட்டு 20’ என்று எழுதி வைத்தார். 50 வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பேப்பர் அப்படியே இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் “உங்கள் வீட்டில் இருப்பது உண்மையான பாட்டு இல்லை” என்றார்கள். எனக்கு அது விளங்கவில்லை. எனக்கு அதுதான் பாட்டு. பதினெட்டு வயதில் ஒரு நண்பன் வீட்டில் அவற்றில் ஒன்றின் ஒரிஜினலை முதல்தரம் முழுதாகக் கேட்டேன். இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில் எங்கள் தட்டில் பாடுகிற பெண் ஒருதரம் மூச்சு இழுப்பார். மைக்குக்குக் கிட்ட நின்றிருப்பார் போல, தெளிவாகக் கேட்கும். ஒரிஜினலில் அந்த மூச்சு இல்லை. அது எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்துவிட்டது.

அந்தப் பெண் யார்? உறையில் ஒரு பெயரும் இல்லை. இவற்றை யார் பாடினார்கள், எப்படிச் செய்தார்கள், ஏன் பெயர் போடவில்லை? அறக்கொடைக் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். “இது நாளுக்கு ஒரு பெட்டி வருகிறது, ஒருவரும் வாங்குவதில்லை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் விற்கப் போகவில்லை, பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் கொண்டுபோனேன். பிறவுண் பேப்பரைக் கழற்றலாமா என்றும் சொல்லுங்கள்.

ஞாயிறுச்சந்தை எழுதியது:

அண்ணை, முதலில் ஒன்று. தயவுசெய்து எங்கேயும் கொடுக்கவேண்டாம். குரோய்டன் பக்கம் 20 வருடமாகத் தட்டு வாங்கி விற்கிறேன். இவை காசுக்குப் பெறுமதி இல்லாதவைதான். ஆனால் உங்கள் பெட்டிக்குள் பிரிட்டனின் இசை விற்பனைக் கதை ஒன்று இருக்கிறது.

பிக்விக் நிறுவனம் 1968இல் தன் ஹோல்மார்க் லேபிளில் இந்த ‘ரொப் ஒஃப் த பொப்ஸ்’ வரிசையைத் தொடங்கி 1985 வரை நடத்தியது. 90க்கும் மேற்பட்ட தொகுதிகள். பிபிசி ரி.வி.யின் பாட்டு நிகழ்ச்சி ஒன்றின் பெயரைத்தான் வைத்தார்கள், ஆனால் அந்த நிகழ்ச்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெயரை பிபிசி பதிவு செய்து வைக்கவில்லை, அதனால் தடுக்க முடியவில்லை. பாடியவர்கள் ‘ரொப் ஒஃப் த பொப்பர்ஸ்’ என்ற பொதுப்பெயருக்குள் நின்றுவிட்டார்கள்.

எப்படிச் செய்தார்கள் என்றால், எந்தப் பாட்டு மேலே ஏறப்போகிறது என்று பார்த்துத் தெரிவு செய்வார்கள். இசையமைப்பைப் பொறுப்பெடுத்த புரூஸ் பக்ஸ்டர் போன்றவர்கள் ஒரிஜினலைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நொற்றேஷன் எழுதுவார்கள். பிறகு கூலிக்கு வாசிக்கிற ஸ்ரூடியோக் கலைஞர்கள் வருவார்கள், தாளைப் பார்ப்பார்கள், வாசிப்பார்கள், அடுத்த பாட்டுக்குப் போவார்கள். ஒரிஜினல் குழு ஒரு பாட்டுக்கு நாள்கணக்கில் ஸ்ரூடியோவில் இருந்திருக்கும். இவர்களுக்குக் கிடைத்தது மணிக்கணக்குத்தான். அந்த மூச்சு ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்டால் என் பதில் இதுதான்: திரும்பப் பாட நேரம் இல்லை.

இதெல்லாம் அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி சரிதான். 1956ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒரு பாட்டு உரிமையாளரின் சம்மதத்தோடு ஒருதரம் தட்டாக வந்துவிட்டால் வேறு யாரும் அதைப் புதிதாகப் பதியலாம் என்று அப்போது இருந்தது. முன்னறிவித்தல் கொடுத்து, சில்லறை விலையில் நூற்றுக்கு ஆறேகால் பங்கைப் பாட்டின் உரிமையாளருக்குக் கட்டவேண்டியிருந்தது. பாட்டு எழுதியவருக்குக் காசு போனது. பாடியவருக்கு அன்றைய கூலி மட்டும், விற்பனையில் பங்கு இல்லை. தட்டு அவ்வளவு மலிவாக வந்ததற்கு அது பெரிய காரணம்.

யோசனை புதிதும் இல்லை. வூல்வேர்த்ஸ் கடைகளில் 1954 முதல் 1965 வரை எம்பஸி என்ற லேபிள் இதையே சிங்கிள் தட்டுகளில் செய்தது. இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு ஹிற் பாட்டு.

அம்மா ‘பாட்டு 18’, ‘பாட்டு 20’ என்று எழுதிய இரண்டையும் தனியாக எடுத்து வையுங்கள். 1971 ஓகஸ்டில் மலிவு விலைத் தட்டுகளையும் பிரிட்டனின் எல்.பி. விற்பனைப் பட்டியலில் சேர்க்கத் தொடங்கினார்கள். உடனே எம்.எஃப்.பி.யின் இதே மாதிரித் தட்டான ‘ஹொட் ஹிற்ஸ் 6’ முதலிடத்துக்கு வந்தது. அதே மாதம் உங்கள் 18ஆம் தொகுதி முதலிடம். நவம்பரில் 20ஆம் தொகுதி. பெயரில்லாத பாடகர்கள், பெயர்பெற்ற எல்லாரையும் தாண்டி நின்றார்கள். பெரிய நிறுவனங்களுக்குப் பொறுக்கவில்லை. 1972 ஜனவரியில் மலிவுத் தட்டுகளைப் பட்டியலை விட்டு எடுத்துவிட்டார்கள். அப்பா சனிக்கிழமை பேப்பர் கடையில் வாங்கியது அந்த வெற்றியில் ஒரு தட்டு அண்ணை.

பாடியவர்களில் சிலரின் பெயர் பிறகு வெளியே வந்தது. ரொனி றிவர்ஸ் இந்த வரிசையில் நிறையப் பாடியவர். ரீனா சார்ள்ஸ் பாடியிருக்கிறார், அவர் 1976இல் சொந்தப் பெயரிலேயே பிரிட்டனில் முதலிடம் பிடித்தார். எல்ரன் ஜோன் புகழ் பெறுவதற்கு முன்பு, 1969, 70 அளவில், இப்படி மலிவுத் தட்டுகளுக்குக் கூலிக்குப் பாடினார். அந்தப் பதிவுகளைப் பிறகு தொகுத்து சி.டி.யாகவும் விட்டார்கள்.

பெண் குரல் எந்தத் தொகுதியில், எந்தப் பக்கத்தில் என்று எழுதுங்கள். தட்டின் நடுவில் லேபிளைச் சுற்றிக் கீறியிருக்கிற எழுத்துகளையும் பார்த்துச் சொல்லுங்கள். எம்.எஃப்.பி. மூன்றும் என்னென்ன?

மயிலாப்பூர்ஊசி எழுதியது:

சார், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூச்சு பற்றி எழுதியது அப்படியே மனதில் நிற்கிறது.

எங்கள் பக்கம் இந்த மாதிரித் தட்டுகளுக்கு இரண்டு விதமான உறவுக்காரர்கள் உண்டு. ஒன்று, ஹெச்.எம்.வி. கம்பெனி போட்ட வாத்திய ரெக்கார்டுகள். வான் ஷிப்லியின் எலெக்ட்ரிக் கிடார், சுனில் கங்குலியின் கிடார், ஈனாக் டேனியல்ஸின் அக்கார்டியன், மாஸ்டர் இப்ராஹிமின் கிளாரினெட். எல்லாம் ஹிந்தி சினிமாப் பாட்டுகள்தான், பாட்டு வரிகள் மட்டும் இருக்காது. எங்கள் தாத்தா வீட்டில் கல்யாணத்துக்கு மைக் செட் வைத்தால் சாப்பாட்டுப் பந்தி நேரத்தில் இதைத்தான் போடுவார்கள். ஆனால் கவனியுங்கள், இவர்கள் பெயர் உறையின் முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கும். வான் ஷிப்லி என்றால் வான் ஷிப்லிக்காக வாங்கினார்கள். உங்கள் தட்டில் பாடியவர்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று, 1980களில் டி-சீரிஸ் கம்பெனியின் கேசட்டுகள். ஹெச்.எம்.வி. கையில் இருந்த பழைய ஹிந்திப் பாட்டுகளைப் புதுக் குரல்களில் பாடவைத்துக் குறைந்த விலைக்கு விட்டார்கள். 1957ஆம் வருஷ இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஜே) பிரிவு அதற்கு இடம் கொடுத்தது. 2012இல் சட்டத்தைத் திருத்தி, ஐந்து வருஷம் கழித்துத்தான் அப்படிச் செய்யலாம், இது வேறு குரலில் மறுபடி பாடிய ‘கவர் வெர்ஷன்’ என்று உறையில் எழுதியே ஆகவேண்டும், முதலில் பாடியவரின் பெயரையோ படத்தையோ போடக்கூடாது என்று வைத்தார்கள். முதலில் பாடியவருக்குப் பாதுகாப்பு கிடைத்தது, சரி. இரண்டாவதாகப் பாடியவரின் பெயரையும் கட்டாயம் போடவேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம் என்பது என் ஆசை.

வெள்ளவத்தைஅக்கா எழுதியது:

தம்பி, நான் கொழும்பில். எழுபதுகளில் இங்கே இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம். வெளிநாட்டுத் தட்டு கடையில் கிடைப்பது அரிது. லண்டனில் இருந்து என் அண்ணா ஒருமுறை வந்தபோது சூட்கேஸில் சேலைகளுக்கு நடுவே வைத்து இரண்டு தட்டு கொண்டுவந்தார். இரண்டும் எம்.எஃப்.பி. அந்த மலிவுத் தட்டு எங்கள் ஒழுங்கையில் எட்டு வீட்டுக்குப் போய்வந்தது. மலிவு என்று அங்கே சொன்னதை இங்கே ஒருவரும் மலிவு என்று நினைக்கவில்லை.

அம்மா போட்ட உறையைக் கழற்றாதே தம்பி. அது அவரின் கையெழுத்து.

தெற்குலண்டன்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, உங்கள் கடைசி வரியை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

எம்.எஃப்.பி. மூன்றில் இரண்டு ஜெஃப் லவ் இசைக்குழு, ஒன்று யுத்தப் படங்களின் இசை, மற்றது கௌபோய் படங்களின் இசை. மூன்றாவது மனுவெல் என்பவரின் ‘மியூசிக் ஒஃப் த மவுன்ரன்ஸ்’. அம்மாவுக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஸ்பானியக்காரர் எவ்வளவு இதமாக வாசிக்கிறார் என்று சொல்லுவார். சமைக்கும்போது குசினிக் கதவைத் திறந்து வைத்துக் கேட்பார்.

மூச்சு வருகிற பாட்டு 20ஆம் தொகுதியில், இரண்டாம் பக்கம்.

ஞாயிறுச்சந்தை எழுதியது:

அண்ணை, மனுவெல் ஸ்பானியக்காரர் இல்லை. அவரும் ஜெஃப் லவ்தான்! இரண்டும் ஒரே ஆள். இங்கிலாந்தின் வடக்கே, யோர்க்‌ஷயரில் ரொட்மொர்டன் என்ற ஊரில் 1917இல் பிறந்தவர், தகப்பன் கறுப்பின அமெரிக்கர். அம்மா கேட்டதும் அப்பா கேட்டதும் ஒரே மனிதரின் இசை. 1976 பெப்ரவரியில் மனுவெல் என்ற பெயரில் அவர் வெளியிட்ட றொட்றிகோ என்ற ஸ்பானிய இசையமைப்பாளரின் அரன்குவெஸ் கொன்செர்ரோ, சிங்கிள் பட்டியலில் முதலிடம் என்று அறிவித்தார்கள். மூன்று மணி நேரத்தில் கணக்குப் பிழை என்று கண்டுபிடித்து மூன்றாம் இடத்துக்கு இறக்கிவிட்டார்கள். அந்த மூன்று மணி நேரத்தை நான் கணக்கில் எடுக்கிறேன்.

‘101 ஸ்ரிங்ஸ்’ டி. எல். மில்லர் என்ற அமெரிக்கர் 1957இல் தொடங்கியது, வாசித்தவர்கள் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரத்துக் கலைஞர்கள். மந்தோவானி மட்டும் உங்கள் பெட்டியில் வேறு சாதி. அது டெக்கா லேபிள், முழு விலைத் தட்டு. அருவி விழுவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்குகிற அந்த வயலின் அடுக்கை அவருக்கு அமைத்துக் கொடுத்தவர் றொனல்ட் பிஞ். அப்பா ஏதோ ஒரு நல்ல நாளில் வாங்கியிருக்கவேண்டும்.

இந்த மலிவுப் பாட்டுத் தட்டுகளை முடித்தது இன்னொரு மலிவுதான். 1972இல் கே-ரெல் என்ற நிறுவனம் ஒரிஜினல் பாடகர்களையே 20 பாட்டாகத் தொகுத்து ரி.வி. விளம்பரத்தோடு விற்றது. 1983இல் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து ‘நௌ’ என்ற ஒரிஜினல் பாட்டுத் தொகுப்பு வரிசையைத் தொடங்கின. அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் ஹோல்மார்க் வரிசை நின்றது.

கழுவுகிற விஷயம்: காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான துணி, பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். லேபிளில் ஈரம் படக்கூடாது. காய்ந்த பிறகு போடுங்கள். புது ஊசி இல்லாமல் அந்த 20ஐ மட்டும் போடவேண்டாம்.

தெற்குலண்டன்வாசி எழுதியது:

மனுவெல் செய்தியைத் தங்கச்சிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவளால் நம்ப முடியவில்லை.

பிறவுண் பேப்பர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நேற்று 20ஐக் கழற்றிப் பார்ப்போம் என்று அவள் ஒரு ஓரத்தைத் தூக்கினாள். அம்மா ஒட்டிய செலோரேப் மஞ்சளாகிக் காய்ந்து உறையோடு பிடித்திருந்தது. ஒரு விரல் அகலத்துக்கு உறையும் சேர்ந்து வந்தது. அதோடு நிறுத்திவிட்டோம். தூக்கின ஓரத்தில் ஒரு சிவப்புச் சப்பாத்தின் நுனி மட்டும் தெரிகிறது. மிச்சம் அப்படியே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் புது ஊசி வாங்கிக்கொண்டு வருகிறார். இரண்டாம் பக்கத்தை அப்படியே பதிவு செய்து இங்கே போடுகிறேன். நான்காவது பாட்டு, இரண்டாவது சரணம் முடிகிற இடம். குரல் தெரிந்தவர்கள் கேட்டுச் சொல்லுங்கள்.