குட்டி பிரெஞ்ச் படிக்கட்டுமா? எங்க பெரிய வீட்டு வாட்ஸ்அப் குழுவுல ஒரு ராத்திரி

அஸ்தம்பட்டி அத்தை, இரவு 8:10
எல்லாரும் கொஞ்சம் பாருங்க. குட்டிக்கு பிரெஞ்சுல 98 வந்திருக்கு. இப்ப பி.ஏ. பிரெஞ்ச்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. அவங்கப்பா பி.காம். அப்ளிகேஷன் வாங்கி வந்து டிவி மேல வெச்சிருக்கார். ரெண்டு நாளா வீட்ல பேச்சு வார்த்தையே இல்ல.

ஆத்தூர் மாமா, 8:14
இத்தனை மார்க் எடுத்த புள்ள எதுக்குங்க மொழி படிக்கோணும்? சி.ஏ. படிக்கச் சொல்லுங்க. பிரெஞ்செல்லாம் பிளஸ் டூல மார்க்குக்கு எடுக்கறது. அதோட விட்டரோணும்.

ஏற்காடு பெரியப்பா, 8:20
நம்ம பாப்பா பாண்டிச்சேரில அதத்தானே எம்.ஏ. படிக்குது. அதையே கேப்போம். சொல்லு கண்ணு.

நான், 8:22
லைப்ரரில இருக்கேன் பெரியப்பா. ரூமுக்குப் போய் விவரமா எழுதறேன்.

நான், 9:25
மாமா, நானும் மார்க்குக்குத்தான் எடுத்தேன். கடிதம் எழுதற கேள்விக்கு நாலே நாலு கடிதம் மனப்பாடம், பேர மட்டும் மாத்தி எழுதினா முழு மார்க். காலேஜ்ல முதல் வகுப்பு. உன் வீடு எங்க இருக்குன்னு மேடம் பிரெஞ்சுல கேட்டாங்க. கேள்வி புரிஞ்சுது, பதில் வரல. சேலம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துட்டேன். குட்டி, அந்த 98ஐ நம்பி மட்டும் வராத. முதல் வருஷம் அ, ஆவன்னாவுல இருந்து தொடங்கணும்.

குட்டி, 9:27
எனக்கும் அப்படித்தான்க்கா. ர வரவே மாட்டேங்குது.

நான், 9:31
அது நாக்குல வராது, தொண்டைல வரும். ராத்திரி வாய் கொப்பளிக்கற மாதிரி, தண்ணி இல்லாம செஞ்சு பாரு. அப்புறம் ‘இ’ சொல்லிட்டே உதட்ட மட்டும் ‘உ’வுக்குக் குவி. அந்தச் சத்தத்துலதான் ‘தூ’ன்னு சொல்லணும். தூன்னா நீ, வூன்னா நீங்க. இங்கிலீஷ் வழியாப் போறவங்க இதுல ரொம்பத் தடுமாறுவாங்க. நமக்கு அந்தக் கஷ்டம் இல்ல, யாரை நீ சொல்றது, யாரை நீங்க சொல்றதுன்னு பொறந்ததுல இருந்து பழக்கம். ஆனா மேஜை பொம்பளை, புத்தகம் ஆம்பளைன்னு வரும்போது அஃறிணைய நெனச்சு ஏங்குவ.
அப்பா, உங்களுக்கு ஒண்ணு. 97ஐ அவங்க ‘நாலு இருபது, பத்து, ஏழு’ன்னு சொல்லுவாங்க.

அஸ்தம்பட்டி அத்தை, 9:40
அதெல்லாம் சரி பாப்பா. வேலை?

நான், 9:52
பட்டம் வாங்கின உடனே பெரிய சம்பளம்னு பொய் சொல்ல மாட்டேன் அத்தை. டெல்ஃப்னு பிரெஞ்சு அரசாங்கம் தர்ற சான்றிதழ் இருக்கு, ஏ1ங்கற ஆரம்ப நிலைல இருந்து பி2ங்கற மேல் நிலை வரைக்கும். வெறும் டிகிரிய விட பி2வுக்கு மதிப்பு அதிகம். அங்க போய்ப் படிக்கறதுக்கும் பெரும்பாலும் அதத்தான் கேப்பாங்க. பிரெஞ்ச் சொல்லித் தர்ற ஸ்கூல் இருக்கு, ஆவணம் மொழிபெயர்க்கற வேலை இருக்கு. ரெனோ, மிஷெலின், சென்-கோபேன்னு பிரெஞ்சுக் கம்பெனிங்க நம்ம தமிழ்நாட்டுலயே ஆலை வெச்சிருக்காங்க. எங்க சீனியர்ங்கள்ல சிலர் இதோட வேற ஒரு படிப்பும் படிச்சாங்க, அவங்களுக்குச் சீக்கிரம் கிடைச்சுது.
வேலைக்கு மட்டும்னா மூணு வருஷம் வேண்டாம், பி.காம். படிச்சுக்கிட்டே மொழிய மட்டும் கத்துக்கலாம். இத உண்மையா யோசிச்சுச் சொல்றேன். பி.ஏ.ன்னா அதுல பாதிக்கு மேல இலக்கியம். அது பிடிக்குதான்னு குட்டியக் கேளுங்க.

ஏற்காடு பெரியப்பா, 9:58
நம்ம மலைல கான்வென்ட் நடத்தற சிஸ்டர்ஸ் குளூனி சபைன்னு சொல்லுவாங்களே, அது பிரான்ஸ் ஊர்ப் பேருதானே கண்ணு?

நான், 10:03
ஆமா பெரியப்பா, பர்கண்டில இருக்கற ஊர். ஆன்-மரீ ஜவூவேங்கற அம்மா 1807ல தொடங்கின சபை. ஆனா பிரெஞ்சு பிரான்ஸோட நின்னுடல. பிரெஞ்ச் பேசற நாடுங்க சேர்ந்து வெச்சிருக்கற அமைப்பு 2022ல எடுத்த கணக்குல 32 கோடிப் பேர் பேசறாங்க, அதுல பாதிக்கு மேல ஆப்பிரிக்கா. செனகலோட முதல் ஜனாதிபதி செங்கோர் பெரிய பிரெஞ்சுக் கவிஞர். ஆப்பிரிக்காவுக்கும் திராவிடத்துக்கும் உள்ள உறவுல அவருக்கு அவ்வளவு ஆர்வம். வகுப்புல அவர் பேரு வந்த அன்னைக்கு எங்க தமிழ்ப் பசங்க எல்லாரும் நிமிர்ந்து உக்காந்தோம்.
அம்மாயிகிட்ட இதச் சொல்லுங்க அத்தை. 1848ல பிரெஞ்சுக்காரங்க அடிமை முறைய ஒழிச்சாங்க. அதுக்கப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு பாண்டிச்சேரி, காரைக்கால் வழியா நம்ம சனத்தக் கப்பல்ல ஏத்திக் கொண்டு போனாங்க. ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப்னு தீவுத் தீவா. ரெயூனியன்ல இன்னைக்கும் முருங்கைக் கீரை சமைக்கறாங்க. அங்க அதுக்குப் பேரு ‘மூரூம்’.

அஸ்தம்பட்டி அத்தை, 10:09
அம்மாயிக்குப் படிச்சுக் காட்டினேன். கண்ணத் தொடச்சுக்கிட்டு, பேச்செல்லாம் மறந்தும் கீரைய மறக்கலையான்னு கேக்குது.

நான், 10:12
இதுக்குத்தான் அத்தை இந்தப் படிப்பு. நம்ம கடைல கொத்துக் கொத்தாத் தொங்குதே வெட்டிவேர், பாரிஸ் சென்ட் பாட்டில்லயும் ‘வெதிவேர்’னு அதே பேருதான். அந்தப் பக்கம் பிரான்சுவா குரோங்கற பிரெஞ்சு அறிஞர் நம்ம பரிபாடல பிரெஞ்சுல கொண்டு வந்திருக்கார், 1968ல. இங்கயே பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் போட்ட புத்தகம். அத எடுத்துப் பார்த்தப்ப ஒரு வரியாவது அப்படிப் பண்ணிடணும்னு தோணுச்சு.

ஆத்தூர் மாமா, 10:15
இவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாது பாப்பா.

நான், 10:34
இன்னொண்ணு இருக்கு. இத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல.
போன செமஸ்டர்ல அன்னி எர்னோ எழுதின புத்தகம் ஒண்ணு பாடம். 2022ல நோபல் வாங்கினாங்களே, அவங்க. 1983ல வந்தது, நூறு பக்கம்தான் இருக்கும். முழுக்க அவங்க அப்பாவப் பத்தி. நார்மண்டில இவ்தோன்னு ஊர், மளிகைக் கடையும் காபிக் கடையும் ஒண்ணா வெச்சிருந்தவர். பன்னெண்டு வயசுல பள்ளிக்கூடத்துல இருந்து நின்னவர். மகள் படிச்சு டீச்சர் பரிட்சை பாஸ் பண்ணின ரெண்டாவது மாசம் அவர் போய்ட்டார். மகள் படிக்கப் படிக்க அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவுல பேச்சு குறைஞ்சுக்கிட்டே போகுது. ரெண்டு பேருக்கும் பாசம் இருக்கு, பேசறதுக்கு வார்த்தை இல்ல. அதுல ஒரு அலங்காரம் கிடையாது. ஹாஸ்டல்ல இருந்து வீட்டுக்குக் கடுதாசி போடுவோமே, விவரம் மட்டும் எழுதி, அப்படி எழுதியிருக்காங்க.
அகராதி இல்லாம நான் முதல்முதலாப் படிச்ச பிரெஞ்சுப் புத்தகம் அதான். பாதில நிறுத்திட்டேன். காலேஜ் சேர்ந்த புதுசுல ரூம்ல இருந்தவங்க, உங்கப்பா என்ன பண்றார்னு கேட்டப்ப பிசினஸ்னு சொன்னேன். செவ்வாய்பேட்டைல மளிகைக் கடைன்னு சொல்லல. அடுத்த நாள் வகுப்புல அந்தப் புத்தகத்தப் பத்தி எல்லாரும் ஒரு பத்தி வாசிக்கணும். என் முறை வந்தப்ப எழுந்து, எங்கப்பா சேலத்துல மளிகைக் கடை வெச்சிருக்கார்னு பிரெஞ்சுல சொன்னேன். எபிஸ்யே. அதான் அவங்க வார்த்தை.
மன்னிச்சிருங்கப்பா.

குட்டி, 10:36
அக்கா

ஏற்காடு பெரியப்பா, 10:41
தம்பி, கடை சாத்திட்டியா? குழுவப் பாரு.

அப்பா, 11:05
இப்பத்தான் பூட்டினேன். படிச்சேன்.

அப்பா, 11:09
அவங்க கடைலயும் கடன் நோட்டு இருந்துச்சா சாமி?

நான், 11:11
கடன் இருந்துச்சுப்பா. முன்னாடி ஒரு மில்லு ஊர்ல கடை வெச்சிருந்தாங்க. புள்ளகுட்டிக்காரங்க வந்து நின்னா இல்லைன்னு சொல்ல முடியாமக் கொடுத்திருக்காங்க. கடை ஓடாம, அம்மாவ கடைல உக்கார வெச்சுட்டு அவர் வெளிவேலைக்குப் போயிருக்கார்.

அப்பா, 11:16
போகத்தான் வேணும்.
ஊருக்கு வரும்போது அந்தப் புத்தகத்த எடுத்துட்டு வா. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல கடை அடைச்சிருவேன். நீ தமிழ்ல சொல்லு, கேக்கறேன்.

அஸ்தம்பட்டி அத்தை, 11:18
அண்ணா, அன்னைக்குக் குட்டியையும் அவங்கப்பாவையும் கூட்டிட்டு வரேன். அவரும் கேக்கட்டும்.

அப்பா, 11:20
மாப்பிள்ளையோட சாப்பாட்டுக்கே வந்துருங்க.