லிவரி நிறங்களுக்குப் ‘பரிவார நிறங்கள்’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

லிவரி என்பது ஒரு பிரபுவைச் சார்ந்தவர்கள் அணிந்த அடையாள உடை. கொடி நிறங்களுக்கான நம் சொல்லடைவைப் பற்றி இங்கே ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஆண்ட குடும்பத்தின் நிறம் தேசியக் கொடியில் இருந்தால் எல்லாவற்றையும் ‘அரசகுல நிறம்’ என்றே எழுதிவிடலாம். தனித்தனிச் சொற்கள் வாசகருக்குச் சுமை.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே சொல்லில் அடைத்தால் வரலாறே பிழையாகிவிடும்.

லிக்டன்ஸ்டைனைப் பாருங்கள். அந்நாட்டை ஆளும் குடும்பத்தின் சின்னமான கேடயம் மேலே பொன், கீழே சிவப்பு. கொடியோ நீலமும் சிவப்பும். நீலம் எங்கிருந்து வந்தது? அரண்மனைப் பணியாளர்கள் உடுத்திய லிவரி உடையிலிருந்து வந்தது என்பதே வழக்கமான விளக்கம். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஹைட்டியின் கொடியும் இதேபோல் இருப்பது தெரியவந்து, மறு ஆண்டு பொன்முடி ஒன்றைச் சேர்த்தார்கள். மொனாக்கோவில் நிலைமை வேறு. கிரிமால்டி குடும்பத்தின் கேடயத்தில் உள்ள சிவப்பு, வெள்ளைச் சாய்சதுரங்களின் நிறங்களே 1881இல் இரு பட்டைகளாகக் கொடியில் ஏறின. இரண்டையும் ‘அரசகுல நிறம்’ என்றால், லிக்டன்ஸ்டைன் கேடயத்தில் நீலத்தைத் தேடும் மாணவர் ஏமாந்துதான் போவார்.

ஆஸ்திரியாவின் சிவப்பு-வெள்ளை-சிவப்புக் கொடி இன்னும் நல்ல சான்று. சிலுவைப்போரின் ஆக்ரே முற்றுகையில் ஆஸ்திரியக் கோமகன் ஐந்தாம் லியோபோல்டின் வெள்ளை அங்கி இரத்தத்தில் தோய்ந்ததாம், இடைக்கச்சை இருந்த இடம் மட்டும் வெண்மையாக நின்றதாம். இது கதை. சான்றாக நிற்பது, அன்று ஆஸ்திரியாவை ஆண்ட பாபென்பெர்க் மரபின் இரண்டாம் பிரெடெரிக்கின் 1230ஆம் ஆண்டு முத்திரை. நடுவே பட்டையிட்ட கேடயத்தை அதில் காண்கிறோம். 1246இல் அவர் போரில் மடிந்ததும் ஆண்வழி அற்றுப்போனது. பிறகு வந்த ஹாப்ஸ்பர்க் மரபு ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆண்டது. கறுப்பும் மஞ்சளும் அவர்களுடைய பேரரசின் நிறங்களாயின. 1918இல் பிறந்த குடியரசோ அவற்றை ஒதுக்கிவிட்டுச் சிவப்பு-வெள்ளை-சிவப்பை எடுத்துக்கொண்டது. ‘அரசகுல நிறம்’ என்று எழுதினால் அது எந்தக் குலம்? வாசகர் ஹாப்ஸ்பர்க் என்றே நினைப்பார்.

எனவே இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். கேடயத்தில் தீட்டியதற்குக் ‘கேடய நிறம்’. இதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. வெள்ளையை வெள்ளியாகவும் மஞ்சளைப் பொன்னாகவும் கொள்ளும் கேடயச் சின்னத் துறையின் (ஹெரால்ட்ரி) மரபை மட்டும் சொல்லடைவின் குறிப்பில் சேர்த்தால் போதும்.

லிவரிக்குப் ‘பரிவார நிறம்’. முன்பு இங்கே வந்த ‘சீருடை நிறம்’ பள்ளிச் சீருடையையும் காவலர் சீருடையையுமே நினைவூட்டும். அது யாருடைய சீருடை என்று சொல்லாது. ‘ஏவலர் நிறம்’ பொருளைக் குறுக்கிவிடும், ஏனெனில் பிரபுவைச் சார்ந்த வீரர்களும் அந்நிறங்களை அணிந்தார்கள். பரிவாரம் என்றால் ஒருவரைச் சூழ்ந்து நிற்பவர் அனைவரும். கோயிலுக்குப் போகிற எவருக்கும் பரிவார தேவதைகளைத் தெரியும், ஆகையால் சொல் அந்நியமாக ஒலிக்காது.

மூவேந்தர் வழக்கிலிருந்து ‘பொறி’யை எடுக்கலாமே என்று கேட்டவருக்கு: புலி, வில், கயல் ஆகியவை உருவங்கள். சிங்கம், கழுகு போன்ற கேடய உருவங்களுக்குப் ‘பொறி’யை வைத்துக்கொள்வோம், மிக அழகாகப் பொருந்தும். நிறத்துக்கு அது உதவாது.

‘குடிநிறம்’ வேண்டவே வேண்டாம். சோழர் குடி என்று சொல்வது உண்மைதான். ஆனால் குடியரசு, குடிமக்கள் என்று பழகிய இன்றைய காதுக்குக் ‘குடிநிறம்’ மக்களின் நிறமாகத்தான் கேட்கும், பொருள் தலைகீழாகிவிடும். டைனஸ்டிக்கு ‘அரசமரபு’ இருக்கட்டும்.

சொல்லடைவில் இப்படி இடலாம்:

கேடய நிறம்: “ஆஸ்திரியக் கொடியின் சிவப்பும் வெள்ளையும் பாபென்பெர்க் அரசமரபின் கேடய நிறங்கள்.”

பரிவார நிறம்: “லிக்டன்ஸ்டைன் கொடியின் நீலமும் சிவப்பும் அரச குடும்பத்தின் பரிவார நிறங்கள் என்பர்.”

மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லை இந்த இரண்டு வாக்கியங்களிலும் பொருத்திக் காட்டி எழுதுங்கள்.